வேர்டிலில் 'ஐ-ஜி-எச்-டி' மாட்டிக்கொண்டால்

ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல்லை ஆறு வாய்ப்புக்குள் யூகிக்கும் விளையாட்டு வேர்டில்; சரியான இடத்தில் இருக்கும் எழுத்து பச்சையாகும், வேறு இடத்தில் இருப்பது மஞ்சளாகும், சொல்லிலேயே இல்லாதது சாம்பலாகும். கடைசி நான்கு கட்டமும் ஐ, ஜி, எச், டி என்று பச்சையாகிவிட்டதா? அவசரப்பட்டுச் சந்தோஷப்படாதீர்கள், பலர் தோற்பது இங்கேதான். ஃபைட், லைட், மைட், சைட், நைட், ரைட், டைட், எய்ட் என வழக்கமான சொற்களே எட்டு. ஒவ்வொன்றாகப் போட்டால் ஆறு வாய்ப்பும் காலி.

விடையாக முடியாத 'ஃபிலிம்ஸ்' என்ற சொல்லை வேண்டுமென்றே போடுங்கள். எஃப், எல், எம், எஸ் நான்கும் ஒரே வரியில் சோதனையாகிவிடும். இந்த நான்கில் பச்சையோ மஞ்சளோ ஆவதுதான் முதல் எழுத்து. நான்குமே சாம்பலா? அடுத்து 'இனர்ட்' (ஐ-என்-ஈ-ஆர்-டி). அதில் என், ஈ, ஆர் மூன்றும் சாம்பலானால் மிச்சம் டைட்தான்.

ஹார்ட் மோடில் (கடினமான ஆட்ட முறையில்) இது செல்லாது: பச்சை எழுத்துகளை அதே இடத்தில் வைத்தே ஆகவேண்டும். அங்கே முதல் இரண்டு யூகத்திலேயே எல், எஸ், ஆர், என் எழுத்துகளைச் சோதித்துவிடுங்கள்.