சின்ன அலைக்கு விடிகாலைக் காற்று

போர்ட்டிக்சனில் நின்றபடி துடுப்புப் போட்டு அலையில் பலகை ஓட்டுபவர்கள், 7 மணியளவில் வெளிச்சம் வந்ததுமே தண்ணீரில் இறங்கிவிடுங்கள். சிலியாவ், ரந்தாவ் தோட்டப் பக்கத்திலிருந்து போகிறவர்கள் பசியாறுவதைத் திரும்பி வந்து வைத்துக்கொள்ளலாம்.

இரவில் கடலைவிடத் தரை சீக்கிரம் குளிர்ந்துவிடும். அதனால் விடிகாலையில் காற்று கரையிலிருந்து கடலுக்கு மெல்ல வீசும். தண்ணீர் வழவழவென்று இருக்கும், முழங்கால் உயர அலைகூட உடையாமல் வரும். வெயில் ஏறினால் காற்று திசை மாறி, கடல் முழுக்கக் குறுநுரைதான். அப்புறம் அந்தச் சின்ன அலையைக் கண்டுபிடிப்பதே பாடு. பெட்ரோல் காசு வீண்.

மே முதல் அக்டோபர் வரை மட்டும் கவனம். சுமத்ரா பக்கமிருந்து வரும் புயல்காற்று மேற்குக் கரையில் விடியற்காலையில்தான் அடிக்கும். கடல் பக்கம் மின்னல் தெரிந்தால் வீட்டிலேயே இருங்கள். கரைக்காற்று பலமாக இருந்தாலும் இறங்க வேண்டாம்: நிற்கிற ஆளே பாய்மரம்தான், கடலுக்குள் தள்ளிக்கொண்டு போய்விடும். நடுவில் காற்று வலுத்தால் மண்டியிட்டுத் துடுப்புப் போட்டுக் கரைக்கு வாருங்கள். பலகையோடு காலைப் பிணைக்கும் கயிறு எப்போதும் வேண்டும்.