கார்டைக் காட்டியாச்சு, கல்லாவுக்குப் பணம் எப்போது வரும்?

ஜவுளிக்கடையில் 3,000 ரூபாய்க்குச் சேலை எடுக்கிறீர்கள். கிரெடிட் கார்டை மெஷினில் காட்டியதும் 'அப்ரூவ்டு' என்று வருகிறது. அந்த நொடியில் கடைக்காரருக்கு எவ்வளவு பணம் போயிருக்கும்? ஒரு பைசாகூடப் போயிருக்காது. போனது உங்கள் வங்கி கொடுத்த வாக்கு மட்டும்தான்.

படி 1: மெஷின் கேட்கும் கேள்வி

ஸ்வைப்பிங் மெஷின் கடைக்காரரின் வங்கியோடு இணைந்தது. அது உங்கள் கார்டு எண்ணைப் படித்து, விசா, மாஸ்டர்கார்டு, ரூபே ஆகியவற்றில் எது உங்கள் கார்டோ அந்த நெட்வொர்க் வழியாக, உங்களுக்குக் கார்டு கொடுத்த வங்கியிடம் கேட்கிறது: "இவருக்கு 3,000 ரூபாய் லிமிட் மீதி இருக்கிறதா?" வங்கி 'இருக்கிறது' என்று சொல்லி, அந்தத் தொகையை உங்கள் லிமிட்டில் ஒதுக்கி வைக்கிறது. எல்லாம் சில நொடிகளில் முடிந்துவிடும்.

5,000 ரூபாய் வரை பின் நம்பர் (ரகசிய எண்) போடாமலே டேப் செய்யலாம். அதற்கு மேல் பின் கேட்கும். அதை நீங்களே அழுத்துங்கள். பெட்ரோல் பங்கில் காருக்குள் இருந்தபடியே பின்னைச் சத்தமாகச் சொல்கிறவர்களை இன்றும் பார்க்கிறேன்.

படி 2: கடைக்காரருக்குப் பணம்

அன்றைய வியாபாரம் முடிந்ததும் பரிவர்த்தனைகள் மொத்தமாக 'செட்டில்மென்ட்'டுக்குப் போகும். பெரும்பாலும் அடுத்த வேலை நாளில் கணக்கில் பணம் ஏறும். ஆனால் முழு 3,000 வராது. எம்டிஆர் என்ற கட்டணத்தைப் பிடித்துக்கொள்வார்கள். கிரெடிட் கார்டுக்கு 2 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 60 ரூபாய். அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 10.80. கைக்கு வருவது 2,929.20. அந்த 60 ரூபாயில் பெரும்பங்கு உங்களுக்குக் கார்டு கொடுத்த வங்கிக்குப் போகிறது. உங்கள் ரிவார்டு பாயின்ட் எங்கிருந்து வருகிறது என்று இப்போது புரிந்திருக்கும்.

"கார்டுன்னா ரெண்டு பர்சன்ட் எக்ஸ்ட்ரா" என்று கடையில் சொல்வதும் இதனால்தான். டெபிட் கார்டுக்கு அப்படி வாங்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி.

படி 3: நீங்கள் எப்போது கட்ட வேண்டும்?

இரண்டு தேதிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். மாத பில் போடும் ஸ்டேட்மென்ட் தேதி 5, அதைக் கட்ட வேண்டிய கடைசித் தேதி 25 என்று வைப்போம். 4ஆம் தேதி சேலை எடுத்தால் 21 நாளில் கட்ட வேண்டும். 6ஆம் தேதி எடுத்தால் அடுத்த மாதம் 25 வரை, ஏறக்குறைய 50 நாள் வட்டி இல்லை. இரண்டு நாள் தள்ளி வாங்கியதற்கு ஒரு மாத அவகாசம்!

ஆபத்து பில்லில் 'மினிமம் டியூ', அதாவது குறைந்தபட்சம் கட்ட வேண்டிய தொகை, என்ற வரியில் இருக்கிறது. அதை மட்டும் கட்டினால் அபராதம் வராது, வட்டி வரும். அதுவும் கடைசித் தேதியிலிருந்து அல்ல, பொருள் வாங்கிய நாளிலிருந்து. பாக்கி தீரும்வரை புதிதாக வாங்குவதற்கும் அந்த இலவச நாட்கள் கிடையாது. வட்டி மாதத்துக்கு 3 முதல் 4 சதவீதம்வரை போகும். ஊரில் யாராவது மூணு வட்டிக்குக் கடன் வாங்கினால் தலையில் அடித்துக்கொள்வோம். கார்டில் அதையே சத்தமில்லாமல் கட்டுகிறோம்.

முழு பில் தொகைக்கும் 'ஆட்டோ டெபிட்' போட்டுவிடுங்கள். மினிமம் டியூவுக்குப் போடாதீர்கள்.

படி 4: யுபிஐ எங்கே வேறுபடுகிறது?

2016இல் வந்த யுபிஐயில் வங்கிக் கணக்கிலிருந்து செலுத்தினால் கடன் என்ற பேச்சே இல்லை; உங்கள் கணக்கில் அப்போதே கழியும். 2020 ஜனவரி முதல் இதற்கு எம்டிஆரும் இல்லை. பெட்டிக்கடை வரை க்யூஆர் அட்டை தொங்குவதற்கு அது முக்கியக் காரணம்.

கடை வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: வாடிக்கையாளர் நீட்டும் போன் திரையை நம்பாதீர்கள், போலித் திரை தயாரிப்பது சுலபம். உங்கள் சவுண்ட் பாக்ஸ் சொல்லட்டும், அல்லது உங்கள் ஆப்பில் பாருங்கள். பணம் பெற பின் நம்பர் போடத் தேவையே இல்லை; யாராவது போடச் சொன்னால் அது திருட்டு.

உங்கள் கணக்கில் பணம் கழிந்து கடைக்காரருக்குப் போய்ச் சேரவில்லையா? பரிவர்த்தனை எண்ணைக் குறித்துக்கொண்டு ஆப்பிலேயே புகார் பதியுங்கள். கடைக்குச் செலுத்திய பணம் 5 நாளுக்குள் திரும்பியிருக்க வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. அதை நீங்கள் கேட்காமலே வங்கி வரவு வைக்க வேண்டும்.