இ.பா.வை ஜோடி ஜோடியாக வாசியுங்கள்

மாதத்தின் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டு ஹாலில் ஆறேழு பேர் கூடுவோம். வீடு கும்பகோணத்தில், மகாமகக் குளத்துக்கு இரண்டு தெரு தள்ளி. ஒரு வருஷம் முழுக்க எழுத்தாளர் இந்திரா பார்த்தசாரதி (இ.பா.) ஒருவரை மட்டும் வாசித்தோம். நாவலும் நாடகமும் இரண்டிலும் இந்த அளவுக்குச் சாதித்தவர்கள் தமிழில் மிகக் குறைவு. ஆனாலும் நாவல் படிப்பவர்கள் நாடகத்தைத் தொடுவதில்லை, நாடகக்காரர்கள் நாவல் பக்கம் போவதில்லை. இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிற விஷயம். அவரை எப்படி உள்ளே நுழைந்து வாசிப்பது என்று நாங்கள் கண்டுகொண்ட வழியைச் சொல்கிறேன்.

தொடங்கும் முன் வாழ்க்கைக் குறிப்பில் கொஞ்சம் தெரிந்தால் போதும். 1930-இல் சென்னையில் பிறந்தார்; வளர்ந்தது எங்கள் ஊரில். பள்ளிக்கூடத்தில் அவருக்குத் தி.ஜானகிராமன் வாத்தியார். மனைவியின் பெயரை முன்னால் வைத்துக்கொண்டு எழுத வந்தார். டெல்லிப் பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பித்தார், வைணவத்தில் ஆய்வு செய்து முனைவர் பட்டம் வாங்கினார். 1980-களில் போலந்தின் வார்சா பல்கலைக்கழகத்தில் இருந்தார். பிறகு புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் சங்கரதாஸ் சுவாமிகள் பெயரிலான நாடகப் பள்ளியை உருவாக்கி நடத்தினார். டெல்லி, வைணவம், தஞ்சை மண் இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எல்லாம் அங்கிருந்துதான் கிளம்புகின்றன.

முதல் கூட்டத்துக்கு 'மழை' நாடகத்தை எடுங்கள். நாலே பாத்திரங்கள், ஒரு சாயங்காலத்தில் முடித்துவிடலாம். தகப்பனாரைப் பார்த்துக்கொண்டே கல்யாண வயதைக் கடந்துவிட்ட நிர்மலா, அவள் சகோதரன் ரகு, ஒரு டாக்டர். வெளியே மழை. சம்பவம் என்று பெரிதாக ஒன்றுமில்லை, பேச்சுதான் எல்லாம். அதனால் மௌனமாகப் படித்தால் பாதிதான் கிடைக்கும். வாய்விட்டுப் படிக்க வேண்டும்.

ஆளுக்கொரு பிரதி கையில் இருக்கட்டும். அவரவர் வசனத்தை அவரவர் கலர் பென்சிலால் கோடிட்டுக்கொள்ளுங்கள். மேடைக் குறிப்புகளைப் படிக்க மட்டும் தனியாக ஓர் ஆள் வேண்டும். அவர் குரலில் உணர்ச்சி காட்டக் கூடாது. முதல் தடவை நாங்கள் வானொலிச் செய்தி போலக் கடகடவென்று வாசித்துக் கெடுத்தோம். நாடகம் எங்களைத் தொடவே இல்லை. அடுத்த மாதம் அதையே மறுபடி எடுத்தோம். இந்தத் தடவை பேசுகிறவர் எங்கே தயங்குவார் என்று பார்த்துப் பார்த்து, அங்கெல்லாம் பென்சிலால் ஒரு சாய்கோடு போட்டோம். கோடு வந்தால் மனசுக்குள் ஒன்று, இரண்டு எண்ணிவிட்டுத்தான் அடுத்த வார்த்தை.

நிர்மலாவை வாசித்தவர் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். படுத்த படுக்கையாக இருந்த அம்மாவைப் பதினோரு வருஷம் பார்த்துக்கொண்டவர். இரண்டாவது வாசிப்பில் ஒரு சாய்கோட்டில் நின்றவர் நின்றபடியே இருந்தார். இரண்டு எண்ணி முடித்தும் குரல் வரவில்லை. யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை. பக்கத்து வீட்டில் குக்கர் மூன்று விசில் அடித்து ஓய்ந்தது. அதன் பிறகு, விட்ட இடத்திலிருந்து, முன்னைவிடத் தணிந்த குரலில் தொடர்ந்தார். இ.பா.வின் உரையாடலை எப்படி வாசிப்பது என்று அன்றைக்குத்தான் எங்களுக்குப் பிடிபட்டது.

அதற்குப் பிறகு ஜோடி. ஒரு நாவல், உடனே அதே நெருப்பிலிருந்து எழுந்த ஒரு நாடகம்.

முதல் ஜோடி 'குருதிப்புனல்', 'நந்தன் கதை'. நாவலைத் திறக்கும் முன் நாகப்பட்டினம் பக்கத்துக் கிராமமான கீழ்வெண்மணியில் நடந்ததைத் தெரிந்துகொள்ளுங்கள். 1968 டிசம்பர் 25 இரவு, கூலி உயர்வு கேட்டுப் போராடிய தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள். கும்பகோணத்திலிருந்து நாகப்பட்டினம் பக்கம் எவ்வளவு தூரம்? எங்கள் கூட்டத்துக்கு வந்த ஒரு பெரியவர், அந்தச் செய்தி வந்த நாளில் ஊர் எப்படிப் பேச்சடங்கிக் கிடந்தது என்று அரை மணி நேரம் சொன்னார். நாவலுக்கு அதைவிட நல்ல முன்னுரை கிடையாது. உங்கள் ஊரிலும் அப்படி ஒருவர் இருந்தால் முதலில் அவரைப் பேச விடுங்கள்.

1975-இல் வந்த இந்த நாவல் 1977-இல் சாகித்ய அகாதெமி விருது பெற்றது. டெல்லியிலிருந்து கிராமத்துக்கு வந்து தங்கிவிடுகிற கோபால், அவனைத் தேடி வருகிற சிவா. இவர்கள் இருவரும் பேசும் பக்கங்களை இரண்டு குரலில் வாசியுங்கள். படித்தவனின் குற்ற உணர்ச்சி எங்கே நிஜம், எங்கே வெறும் வாய்ப்பேச்சு என்று காதுக்கே தெரியும். இந்த நாவலோடு சண்டையும் போட வேண்டும். பண்ணையார் நாயுடுவின் கொடூரத்துக்கு அவருடைய ஆண்மைக் குறையைக் காரணமாகக் காட்டுவது, நிலத்துக்கும் சாதிக்கும் கூலிக்கும் நடந்த போரைத் தனி மனிதனின் மனக்கோளாறாகச் சுருக்கிவிடுகிறது என்று இடதுசாரி விமர்சகர்கள் அப்போதே கண்டித்தார்கள். எனக்கும் அந்தக் கருத்துதான். ஆனால் அதைச் சொல்லிப் புத்தகத்தை மூடிவிடாதீர்கள். கையோடு 'நந்தன் கதை'யை எடுங்கள்.

அதற்கு ஒரு வாரம் முன்பே வீட்டுப்பாடம் கொடுத்துவிடுங்கள். பெரிய புராணத்தில் நந்தனாரைப் பற்றிய திருநாளைப்போவார் புராணத்தை ஒருவர் படித்து வரட்டும். கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரத்தை இன்னொருவர் கொண்டு வரட்டும். பாடத் தெரிந்தவராக இருந்தால் ரொம்ப நல்லது. சேக்கிழாரிடம் நந்தனை வதைக்கிற ஆண்டை கிடையாது. வேதியரான அந்த ஆண்டையைக் கொண்டுவந்தவர் கோபாலகிருஷ்ண பாரதி. இரண்டிலும் நந்தன் தீயில் இறங்கித் தூய்மையாகி இறைவனடி சேர்கிறான். இ.பா.வின் நாடகத்தில் அந்தத் தீ ஆதிக்கச் சாதியினர் கூடிப் பேசி மூட்டிய தீ. பக்தியின் பெயரால் ஏமாற்றி அவனை அதில் இறக்குகிறார்கள். நாவலில் தனி மனிதன் மேல் போட்ட பழியை நாடகத்தில் அமைப்பின் மேல் தூக்கி வைக்கிறார் என்றுதான் நான் வாசிக்கிறேன். இரண்டையும் அடுத்தடுத்து வாசிக்காமல் எனக்கு இது பட்டிருக்காது.

அடுத்த ஜோடிக்கு டெல்லி நாவல்கள். 'தந்திர பூமி', 'சுதந்திர பூமி' இரண்டில் ஒன்று போதும். அதிகாரத்துக்குப் பக்கத்தில் நிற்கிறவன் கொஞ்சம் கொஞ்சமாக எப்படி மாறுகிறான் என்பதைப் பார்த்துவிட்டு 'ஔரங்கசீப்' நாடகத்துக்கு வாருங்கள். அதே தலைநகரம், முந்நூறு ஆண்டுக்கு முந்தைய வாரிசுச் சண்டை. ஷாஜகான் கடந்த காலத்தில் வாழ்கிறார், அவர் மூத்த மகன் தாரா எதிர்காலத்தில் வாழ்கிறான், நிகழ்காலம் ஔரங்கசீப்பின் கையில். வசனங்கள் நீளம். ஷாஜகானுக்கு நல்ல மூச்சுப் பிடிப்புள்ளவரைப் போடுங்கள்.

கூட்டத்துக்கு வர முடியாதவர்களுக்குச் சினிமா உண்டு. 'உச்சி வெயில்' கதையைத்தான் கே.எஸ்.சேதுமாதவன் 'மறுபக்கம்' என்று எடுத்தார். சிறந்த படத்துக்கான தேசிய விருது வாங்கிய முதல் தமிழ்ப் படம் அது. கதையைப் படித்த பிறகு பாருங்கள்.

'ராமானுஜர்' நாடகத்தைக் கடைசிக்கு வையுங்கள். 1999-ஆம் ஆண்டின் சரஸ்வதி சம்மான் இதற்குத்தான். வைணவத்தை ஆராய்ந்த பேராசிரியரும் நாடகக்காரரும் இதில் ஒரே ஆளாகிவிடுகிறார்கள். கோயில் கதவை எல்லோருக்கும் திறக்கப் பாடுபட்ட மனிதராக ராமானுஜரை நிறுத்துகிறார். ஒரே மாலையில் முடிக்கப் பார்க்காதீர்கள், இரண்டு ஞாயிறு ஒதுக்குங்கள். திவ்யப்பிரபந்தம் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும்.

நாங்கள் வருஷத்தை முடித்த அன்று, அடுத்தது யார் என்று பேச்சு வந்தது. வங்கி அம்மா மட்டும் 'மழை'யின் பிரதியைப் பையிலிருந்து எடுத்தார். பழைய சாய்கோடுகளை எல்லாம் ரப்பரால் அழித்து வைத்திருந்தார். "இன்னொரு தடவை வாசிப்போமே. இந்தத் தடவை நான் ரகு," என்றார்.