செவுத்தோரம் பூச்செடி வெக்கறப்ப எல்லாரும் பண்ற தப்புக

புது ஊடு கட்டி முடிச்ச கையோட வாசலுக்கு ரெண்டு பக்கமும் செவுத்தோரமா பூச்செடி வெக்கறது நம்ம கோயம்புத்தூர், ஈரோடு, திருப்பூர் பக்கம் எல்லா ஊட்டுலயும் நடக்கறதுதானுங்க. ஆனா நாலு மாசம் கழிச்சுப் பாத்தா பாதிச் செடி கருகிப் போயிருக்கும், மீதி மஞ்சளடிச்சு நிக்கும், உடனே நர்சரிக்காரர் ஏமாத்திட்டாருன்னு பழி போட்டர்றாங்க. நெசத்துல செடி மேல குத்தமே இல்லைங்க, பக்கத்துல செவுரு இருக்கறத யாருமே கணக்குல எடுக்கல. செவுரு வெயில மாத்தும், மழைய மறைக்கும், அடிமண்ணையே கெடுத்து வெச்சிருக்கும், இது மூணையும் பாத்துட்டுத்தான் செடி வாங்கப் போகோணும்.

மொதல்ல வெயிலு. "இங்க நல்ல வெயிலுங்க"ன்னு ஒரு நாள் மத்தியானம் பாத்துட்டு முடிவு பண்றதுதான் பெரிய தப்பு. நம்ம ஊரு பூமத்திய ரேகைக்கு வடக்கால சுமாரா 11 டிகிரில இருக்குது, அதனால சித்திரை மொத வாரத்துல இருந்து ஆவணி மொத வாரம் வரைக்கும் உச்சி நேரத்துல சூரியன் நம்ம தலைக்கு வடக்கால நிக்கும், மத்த மாசமெல்லாம் தெக்கால. அப்ப வடக்குப் பாத்த செவுத்துக்கு வைகாசி, ஆனில சுள்ளுனு வெயிலடிக்கும், அதே எடம் மார்கழில முழு நெழலு. பத்தடி ஒசரச் செவுருன்னா மார்கழி உச்சி நேரத்துலயே கிட்டத்தட்ட 7 அடிக்கு நெழல் விழுகும், உங்க பாத்தி மொத்தமும் அதுக்குள்ள போயிரும். வைகாசில பாத்துட்டு அங்க செண்டுமல்லி நட்டவங்க பொங்கலுக்குப் பூ வரலியேன்னு தவிக்கறது இதனாலதான். தெக்குச் செவுரு இதுக்கு நேர் எதிர், ஆனி ஆடில காத்தாலயும் பொழுதோடவும் நெழலு, ஐப்பசில இருந்து மாசி வரைக்கும் நாளெல்லாம் வெயிலு. செண்டுமல்லி, சாமந்தி, வாடாமல்லி எல்லாம் மழை சீசனுக்கும் பொங்கலுக்கும் பூக்கோணும்னா அந்தச் செவுருதான் லாயக்கு.

கெழக்குச் செவுரு காத்தால வெயிலோட முடிஞ்சுரும், ரோஜாவுக்கும் கனகாம்பரத்துக்கும் அது போதும். மேக்குச் செவுருதான் வில்லங்கம். மத்தியானத்துக்கு மேல வாங்குன சூட்ட பொழுது சாஞ்ச பொறகும் செவுரு கக்கிக்கிட்டே இருக்கும், பங்குனி சித்திரைல கரூர் பரமத்தி, ஈரோடு பக்கம் 40 டிகிரி தாண்டற நாள்ல அந்த எடத்துல கனகாம்பரம் வெச்சீங்கன்னா எலை ஓரமெல்லாம் தீஞ்சுதான் போகும். அங்க நித்திய கல்யாணி, பட்டு ரோஸ், வாடாமல்லி, கோழிக்கொண்டை, காகிதப்பூ இதுகதான் தாக்குப் புடிக்கும். ஏசி வெளி யூனிட் ஊதற எடத்துக்கு நேரா மட்டும் எதையுமே வெக்காதீங்க, அந்தச் சூட்டுக் காத்துக்கு எந்தச் செடியும் தாங்காது.

இப்ப மண்ணு. புது ஊட்டச் சுத்தி ரெண்டடிக்கு இருக்கறது மண்ணே இல்லைங்க, கொத்தனாரு கொட்டுன கலவை, சுண்ணாம்பு, செங்கல் துண்டு, டைல்ஸ் ஒடைசல், பெயிண்ட் கழுவுன தண்ணி எல்லாம் ஒட்டுக்கா கெடக்கும். மேல நாலு இஞ்ச்சுக்குச் செம்மண் பரப்பிட்டா சரியாப் போச்சுன்னு நெனைக்கறாங்க, வேரு அடில எறங்குனதும் இட்லிப்பூவும் செம்பருத்தியும் வெளுக்க ஆரம்பிக்கும், எலை மஞ்சளா இருக்கும் ஆனா நரம்பு மட்டும் பச்சையா தெரியும். அது நோயில்ல, சுண்ணாம்பு சாஸ்தியாகி மண்ணுல இருக்கற இரும்புச் சத்த செடியால எடுக்க முடியல. நம்ம பக்கம் நெறைய எடத்துல மண்ணே சுண்ணாம்புப் பாங்கு, போர் தண்ணியும் உப்பு, அதுல கலவையும் சேந்தா என்ன ஆகும். அதுக்கு அன்னபேதிய (இரும்புச் சத்து உப்பு) மண்ணுல போட்டா இந்த மாதிரி எடத்துல சீக்கிரமே செடிக்குக் கெடைக்காமப் போயிரும், ஒரு லிட்டர் தண்ணிக்கு 5 கிராம் கரைச்சு பொழுதோட எலை மேல தெளிக்கறது மேலு. ஆனா மொதல் வேலை ஒண்ணரை அடி தோண்டி அந்தக் கழிசல மொத்தமா அள்ளிக் கடாசறதுதான், இத விட்டுட்டு வேற எது பண்ணியும் பிரயோஜனம் இல்ல. ஆர்ஓ மிஷின்ல இருந்து வர்ற வேஸ்ட் தண்ணிய பாத்திக்குத் திருப்பி உடறாங்க பாருங்க, அதுவும் வேண்டாம், அதுல உப்பு இன்னும் கூடுதல்.

செவுத்த ஒட்டியே செடி நடறது அடுத்த தப்பு. செவுத்துல இருந்து ஒண்ணரை அடி உட்டுட்டு அதுக்கு அக்கட்ட பாத்தி போடுங்க. சன்ஷேடு வெளிய நீட்டிட்டு நிக்கறதால அதுக்கு அடில ஐப்பசி மழைகூட விழுகாது, ஊரே நனைஞ்சாலும் அந்த எடம் புழுதியாத்தான் கெடக்கும், மழை பேஞ்சுதேன்னு தண்ணி உடாம இருந்தா செடி காஞ்சுரும். மண்ண பேஸ்மட்டத்துக்கு மேல ஏத்தவே ஏத்தாதீங்க, ஈரம் செவுத்துல ஏறி உள்ள பெயிண்ட் உரியும், கரையானுக்கும் நாமளே வழி போட்டுக் குடுத்த மாதிரி ஆயிரும். கரிசல் மண்ணா இருந்தா இன்னும் கவனம் வேணும், அந்த மண்ணு நனைஞ்சா உப்பும், காஞ்சா வெடிக்கும், கடக்கால் ஓரத்துல ஒரு பக்கம் மட்டும் தண்ணி தேங்குனா செவுத்துல விரிசல் உடக்கூட வாய்ப்பிருக்குது. பாத்தி அகலம் 3 அடிக்கு மேல வேண்டாம், ஒரு பக்கத்துல இருந்துதான கை நீட்டிக் களை புடுங்கோணும்.

எருவுல நம்ம பக்கத்துக்குன்னே ரெண்டு தப்பு இருக்குதுங்க. பல்லடம், நாமக்கல் பக்கம் கோழி எரு ஈசியா கெடைக்குதுன்னு அப்படியே பச்சையா கொட்டறாங்க, அது நெம்ப சூடு, எளஞ்செடி வேரு வெந்து போயிரும், நல்லா மக்க வெச்சுத்தான் போடோணும். பொள்ளாச்சி நார்க்கழிவும் அதே மாதிரி, மக்காததப் போட்டா மண்ணுல இருக்கற தழைச்சத்த அது இழுத்துக்கும், கழுவாததா இருந்தா உப்பும் சேரும். மக்குன ஆட்டாம்புழுக்கையும் மாட்டெருவும் கெடைச்சா வேற எதுக்கும் அலைய வேண்டாம். நட்டு முடிச்சதும் கரும்புச் சோகையோ தென்னை ஓலையோ மேல பரப்பி உட்டீங்கன்னா செவுத்துச் சூட்டுல ஈரம் சீக்கிரம் போகாது.

ஊட்டிக்கு டூர் போயிட்டு அங்க பூத்துக் குலுங்கற செடிய ஆசையா வாங்கிட்டு வர்றவங்களுக்கு ஒண்ணு சொல்லோணும். அங்க கடல் மட்டத்துல இருந்து 2,200 மீட்டருக்கு மேல, இங்க கோயம்புத்தூர்லயே 400 மீட்டர் சுமாருதான். டேலியா, ஹைட்ராஞ்சியா எல்லாம் நம்ம சித்திரை வெயிலுக்குச் செவுத்தோரத்துல பொழைக்காது, மனசு கஷ்டமா இருந்தாலும் அங்கயே பாத்து ரசிச்சுட்டு வந்துருங்க. அரளி வெயிலுக்கு அருமையா நிக்கும், ஆனா எலை, பூ, தண்டு எல்லாமே வெசம், மாடு கன்னு கட்டற வாசலுக்கும் கொழந்தைக வெளையாடற எடத்துக்கும் அது ஆகாது.

எப்ப நடறதுங்கறதும் முக்கியம். பாலக்காட்டுக் கணவாய் வழியா வர்ற ஆடிக் காத்து எளஞ்செடிய ஆட்டி ஆட்டி ஈரத்த உறிஞ்சிரும், கண்டமேனிக்கு மழையும் இருக்காது. காத்து அடங்கி ஆவணி கடைசில, புரட்டாசில நட்டா வடகிழக்குப் பருவ மழைல வேரு புடிச்சுக்கும். செண்டுமல்லி நாத்த வரிசைக்கு வரிசை ஒண்ணரை அடி, செடிக்குச் செடி ஒண்ணேகால் அடி எடைவெளி உட்டு நடுங்க, இப்ப வெறிச்சுனு இருக்கேன்னு நெருக்கி நட்டா காத்தோட்டம் இல்லாம அழுகும். நட்டு ஒரு மாசத்துல கொழுந்து நுனியக் கிள்ளி உடோணும், மொத மொட்டப் போயி கிள்ளறதான்னு பாவம் பாத்தா செடி ஒத்தைக் கம்பா நெட்டமா போயி சாஞ்சுரும், கிள்ளுனா பக்கக் கெளை நெறைய வெடிச்சு பூவும் அதிகமா வரும்.

செவுத்துச் சூட்டுல செம்பருத்திக்கு மாவுப்பூச்சி வரத்தான் செய்யும். பாத்த ஒடனே கடைல கடுமையான மருந்து வாங்கி அடிக்காதீங்க. 2008ல பப்பாளி மாவுப்பூச்சிய இந்தியாவுலயே மொதல்ல பாத்தது நம்ம கோயம்புத்தூர்லதான், மருந்துக்குக் கட்டுப்படாம ஆட்டம் காட்டுன அத கடைசில அடக்குனது வெளிநாட்டுல இருந்து 2010ல கொண்டாந்து உட்ட சின்ன ஒட்டுண்ணிக் குளவி. மருந்து அடிச்சா அந்த மாதிரி நல்ல பூச்சிகதான் மொதல்ல சாகும். காத்தால ஓஸ்ல தண்ணிய வேகமா பீச்சி அடிச்சு உடுங்க, பூச்சி அப்பிக்கிட்டிருக்கற கொப்ப வெட்டி எரிங்க, அதுக்கும் அடங்கலைன்னா வேப்பெண்ணெயக் காதி சோப்புக் கரைசல்ல கலக்கி எலைக்கு அடிப்பக்கம் நனையற மாதிரி பொழுதோட தெளிங்க.