மேடைப்பேச்சை மனப்பாடம் செய்ய: பத்திகள் சேரும் இடத்தைக் கவனியுங்கள்

சென்ற ஜூலை 15, காமராஜர் பிறந்தநாள் பேச்சுப் போட்டி. வீட்டில் பிழையில்லாமல் ஒப்பித்த என் மகள், மேடையில் மூன்றாம் பத்தி முடிந்ததும் நின்றுவிட்டாள். முதல் சொல்லை யாராவது எடுத்துக் கொடுத்திருந்தால் மீதியைக் கடகடவென்று சொல்லியிருப்பாள். நான்காம் பத்தி முழுவதும் நெஞ்சில் இருந்தது. அதற்குள் நுழையும் வாசல்தான் அடைத்துக்கொண்டது.

அடுத்த போட்டிக்கு நாங்கள் செய்தது இது.

1. உரையை வெள்ளைத்தாளில் கையால் எழுதுங்கள். கைபேசியில் பார்த்துப் படிப்பதை நான் ஏற்கமாட்டேன். திரையில் வரிகள் நகர்ந்துகொண்டே இருக்கும். தாளில் எழுதினால் எந்த வரி எந்த மூலையில் இருக்கிறது என்பது கண்ணிலேயே நிற்கும்.

2. வாய்விட்டுப் படியுங்கள். மூச்சு வாங்கும் வாக்கியத்தை இரண்டாக உடையுங்கள்.

3. ஒரு பத்தியின் முடிவை அடுத்த பத்தியின் தொடக்கத்தோடு இணையுங்கள். இங்கேதான் நாங்கள் சறுக்கினோம். அபிராமி அந்தாதியின் நூறு பாடல்களையும் ஏட்டைப் பாராமல் சொல்லும் பாட்டிகள் உண்டு. முதல் பாடல் ‘துணையே’ என்று முடிகிறது, அடுத்தது ‘துணையும்’ என்று தொடங்குகிறது. ஒன்று முடியும்போதே மற்றது நாவுக்கு வந்துவிடுகிறது. பேச்சையும் அப்படிக் கோக்கலாம். மகளின் மூன்றாம் பத்தி பள்ளிகள் திறந்த செய்தியோடு முடிந்தது. நான்காவது மதிய உணவுத் திட்டத்தைத் தனியாகத் தொடங்கியது. மூன்றின் இறுதியில், “பள்ளி திறந்தாயிற்று, பிள்ளைகளின் பசிக்கு என்ன வழி?” என்று ஒரு வரி சேர்த்தோம். நான்கை, “பசிக்கு அவர் கண்ட வழிதான் மதிய உணவு” என்று மாற்றினோம். இந்த இரண்டு வரிகளை மட்டும் ஒரே வாக்கியம்போல இருபது முறை சொல்லவைத்தேன். மற்ற பத்திகளையும் இப்படியே முடிச்சுப் போட்டோம்.

4. கடைசிப் பத்தியை முதலில் மனப்பாடம் செய்யுங்கள். பிறகு அதற்கு முந்தியது. எப்போதும் தொடக்கத்திலிருந்தே சொன்னால் முடிவு அரைகுறையாகவே நிற்கும். பின்னாலிருந்து வந்தால், பேசப் பேச நன்கு பழகிய இடத்துக்கு வந்து சேர்வீர்கள்.

5. நின்றுகொண்டு பழகுங்கள். வீட்டில் ஒருவர் “நான்காம் பத்தி” என்றதும் தடுமாறாமல் தொடங்க வர வேண்டும்.

பின்சேர்க்கை: இதை முயன்ற தோழி ஒருவர், மகன் முடிச்சு வரிகளை ஒரே ஓட்டமாக ஓட்டிவிடுகிறான், பத்தி மாறுவதே தெரியவில்லை என்றார். இருபது முறை சேர்த்துச் சொன்னதன் விளைவு அது. வரிகள் பதிந்த பிறகு, கேள்விக்குப் பின்னால் தாளில் சிவப்பு மையில் ஒரு கோடு போடுங்கள். கோடு வரும் இடத்தில் ஒரு மூச்சு இழுத்துவிட்டு அடுத்த வரிக்குப் போகச் சொல்லுங்கள்.