மூன்று நாளும் முந்நூறு நாளும்: மனநோய், போதை சிகிச்சையில் நாம் தப்பாகப் போடும் நாள் கணக்கு

தைப்பூச விரதம் தொடங்கும் வாரத்தில் எங்கள் அவசரப் பிரிவுக்கு ஒரே மாதிரி ஆள் ஒருவர் வந்துவிடுவார். ஐம்பதைத் தொட்ட வயது, கழுத்தில் மாலை, உடம்பெல்லாம் வேர்வை, கையில் டம்ளர் நிற்காத நடுக்கம். கூட வந்த மனைவி நர்ஸான என்னிடம் சொல்வார்: “குடிய விட்டு மூணாவது நாள் மிஸ்ஸி. நல்லாத்தான் இருந்தாரு. நேத்து ராத்திரியிலேருந்து செவுத்துல பூச்சி ஊருதுன்னு கத்துறாரு.” பின்னால் நிற்கும் மாமியார் குரலைத் தாழ்த்திக்கொள்வார்: “பூசாரிகிட்ட காட்டிட்டுத்தான் இங்க கூட்டியாந்தோம்.”

அந்த மூன்று நாளில்தான் விஷயமே இருக்கிறது. பல ஆண்டுகள் தினமும் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால், கடைசி மடக்கு குடித்த 6 மணி நேரத்திலிருந்து நடுக்கமும் வேர்வையும் தொடங்கும். வலிப்பு வருவதென்றால் பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள் வரும். இல்லாததைப் பார்ப்பதும், ஆள் தெரியாமல் உளறுவதும், காய்ச்சலும் இதயப் படபடப்பும் சேர்ந்து வரும் கடும் நிலைக்கு ‘டெலிரியம் ட்ரெமன்ஸ்’ என்று பெயர். அது 48 மணியிலிருந்து 96 மணிக்குள் தலைகாட்டும். மருத்துவம் செய்யாவிட்டால் ஆளைக் கொல்லக்கூடியது. பேய் பிடித்தது என்று வீட்டில் கட்டிப்போடுவதும், கோயிலில் உட்கார்த்தி வைப்பதும் மிகச் சரியாக இந்த நேரத்தில்தான் நடக்கிறது.

மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, பக்கத்திலேயே மிஸ்ஸி வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். எஸ்டேட் ஆட்களுக்கு நாள் கணக்கு தவறவே தவறாது. இந்த மாதம் எத்தனை பெரட்டுக்கு (காலை ஆள் கணக்கெடுப்புக்கு) போனோம், மழையில் எத்தனை நாள் போச்சு, செக்ரோல் வருகைப் பதிவேட்டில் எத்தனை நாள் விழுந்திருக்கிறது என்று விரல் விட்டு எண்ணிச் சொல்வார்கள். பயம், அதிர்ச்சி, போதை என்று வந்துவிட்டால் மட்டும் அதே ஆட்கள் கணக்கைக் கோட்டை விடுகிறார்கள். பொறுக்க வேண்டிய இடத்தில் அவசரம், ஓட வேண்டிய இடத்தில் பொறுமை. நான் பார்த்த தவறுகளில் பெரும்பாதி இந்த ஒரே ரகம்தான்.

குடிக்கே திரும்பி வருகிறேன். சாராயம் மூளையில் பிரேக் மாதிரி வேலை செய்கிறது. தினமும் பிரேக்கை அழுத்திக்கொண்டே இருந்தால், மூளை ஈடுகட்ட ஆக்சிலேட்டரையும் சேர்த்து மிதிக்கப் பழகிவிடும். செம்பனைக் குலை ஏற்றிய லோரி இரண்டையும் மிதித்தபடி போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் திடீரென்று பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் என்ன ஆகும்? அதுதான் நடுக்கம், அதுதான் வலிப்பு. மருத்துவமனையில் டயஸெபாம் போன்ற மருந்தைக் கொடுத்து, சில நாட்களில் படிப்படியாகக் குறைப்பது அந்தக் காலை மெதுவாக எடுக்க வைப்பதற்காக.

இதில் இன்னொரு தவறு ஒளிந்திருக்கிறது. “ஆளு வாடிப்போயிட்டாரு, ஒரு போத்தல் குளுக்கோஸ் ஏத்துங்க” என்று வீட்டார் வற்புறுத்துவார்கள். சாப்பாட்டை விட்டுவிட்டுக் குடித்தவர் உடம்பில் தயாமின், அதாவது வைட்டமின் பி1, காலியாகியிருக்கும். அதைக் கொடுக்காமல் குளுக்கோஸை ஏற்றினால், மிச்சமிருக்கும் கொஞ்சமும் தீர்ந்து, பார்வை நிலைகுத்தி, நடை தள்ளாடி, நினைவே நிரந்தரமாகக் கெடலாம். அதனால்தான் தயாமின் ஊசியை முந்திப் போடுகிறோம். தனியார் கிளினிக்கில் அவசரமாக டிரிப் கேட்பவர்கள், அவர் குடிப்பவர் என்பதைக் கூச்சப்படாமல் முதலில் சொல்லுங்கள்.

காலையில் ஒரு மடக்கு உள்ளே போனால்தான் பல் தேய்க்கக் கை நிற்கும் என்ற நிலையில் இருப்பவரும், முன்பு ஒருமுறை வலிப்பு வந்தவரும் தானாக நிறுத்தவே கூடாது. விரதத்தை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஈப்போ கல்லுமலைக்குக் காவடி எடுத்து, அதோடு குடியை விட்டவர்களை எனக்குத் தெரியும். மாலை போடுவதற்கு இரண்டு வாரம் முன்பே டாக்டரைப் பார்த்துவிட்டுப் போடுங்கள் என்கிறேன். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

ஓர் எச்சரிக்கையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மலிவான சம்சு சாராயம் குடித்த மறுநாள் கண் மங்கலாகத் தெரிந்தால் அது குடியை விட்டதன் விளைவு இல்லை. மெத்தனால் என்ற விஷம் கலந்த சரக்காக இருக்கலாம். 2018 செப்டம்பரில் கிள்ளான் பள்ளத்தாக்கில் பலர் உயிரிழந்தது அதனால்தான். விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

இனி அதிர்ச்சி. தோட்டத்துச் சாலையில் மோட்டார் சைக்கிளும் லோரியும் மோதி, பின்னால் உட்கார்ந்திருந்தவன் மட்டும் பிழைக்கிறான். அன்று மாலையே வீடு நிறைய ஆள். “எப்படிடா ஆச்சு? அவன் கடைசியா என்ன சொன்னான்? அழுதுரு தம்பி, உள்ள வெச்சிக்காத.” மனசில் இருப்பதைக் கொட்டினால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை நம் ஊருக்கு மட்டும் சொந்தமில்லை. மேற்கில் அதையே ‘டிப்ரீஃபிங்’ என்று பெயர் வைத்து, விபத்து நடந்த உடனே ஒரு சிட்டிங் செய்து பார்த்தார்கள். பிரிட்டனில் சாலை விபத்தில் சிக்கி மருத்துவமனையில் சேர்ந்தவர்களை இரண்டு பிரிவாகப் பிரித்து ஆராய்ந்து, மூன்றாண்டுக்குப் பிறகான நிலையை 2000-இல் வெளியிட்டார்கள். தொடக்கத்தில் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களில், உடனே கொட்ட வைக்கப்பட்டவர்கள் மூன்றாண்டு கழித்தும் அதே வேதனையில் இருந்தார்கள். சும்மா விடப்பட்டவர்கள் தேறியிருந்தார்கள்.

முதல் மாதத்தில் கெட்ட கனவு வருவதும், ஹாரன் சத்தத்துக்குத் துள்ளுவதும் நோய் இல்லை. பெரும்பாலோருக்குத் தானாக அடங்கும். அதனால்தான் ‘பிடிஎஸ்டி’, அதாவது அதிர்ச்சிக்குப் பின் வரும் மனநோய், என்று சொல்லவே குறைந்தது ஒரு மாதம் கடந்திருக்க வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். அந்த நாட்களில் சோறு, தூக்கம், பக்கத்தில் ஓர் ஆள் போதும். அவனே பேசினால் கேளுங்கள். கிண்டிக் கிளறாதீர்கள்.

ஒரு மாதம் தாண்டியும் அவன் அந்தச் சாலைப் பக்கமே போகாமல், ராத்திரி தூங்காமல் இருந்தால் கணக்கு தலைகீழாக மாறிவிடுகிறது. “பேசாத, மறந்துரு” என்பது இப்போது தவறு. நடந்ததை, பயிற்சி பெற்றவர் முன்னால், வாரம் ஒருமுறை, திட்டமிட்டுத் திரும்பத் திரும்பச் சொல்ல வைப்பதும், தவிர்த்த இடங்களுக்குப் படிப்படியாகப் போக வைப்பதும்தான் ஆராய்ச்சியில் நன்கு நிரூபணமான சிகிச்சை. ஏட்னா ஃபோவா என்ற உளவியலாளர் வளர்த்தெடுத்த முறை இது. உடனே பேச வைப்பதும் பிறகு பேச விடாமல் தடுப்பதும், இரண்டையும் நாம் சரியாக நேர்மாறான காலத்தில் செய்கிறோம்!

இப்படி வதைபடுகிறவன் ராத்திரித் தூக்கத்துக்காகக் குடிக்கத் தொடங்குவது நமக்குத் தெரியாததா? கவுன்சலிங்குக்கு அழைத்துப் போனால், “முதல்ல குடிய விடட்டும், அப்பறம் மத்தத பாக்கலாம்” என்று திருப்பி அனுப்பும் பழக்கம் படித்தவர்களிடமே இருந்தது. நானும் அப்படிச் சொல்லியிருக்கிறேன், வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். ஆஸ்திரேலியாவில் பிடிஎஸ்டியும் போதைப் பழக்கமும் சேர்ந்திருந்த 103 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2012-இல் வந்தது. இரண்டுக்கும் ஒன்றாகச் சிகிச்சை பெற்றவர்களின் அதிர்ச்சி அறிகுறிகள் அதிகமாகக் குறைந்தன. பழையதைப் பேசினால் போதை கூடிவிடும் என்று பயந்தார்களே, அது நடக்கவில்லை.

படபடப்பு நோய்க்காரர்கள் நம் பக்கம் அதிகம் பெண்கள். நெஞ்சு அடைக்கிறது, மூச்சு முட்டுகிறது, செத்துவிடப் போகிறேன் என்று வருவார்கள். முதல் முறை வந்தால் இதயத்தைப் பார்த்தே ஆக வேண்டும், இனிப்பு நீரும் (சர்க்கரை நோய்) பிரஷரும் இருப்பவர்களுக்குக் கட்டாயம். ஈசிஜி நன்றாக இருக்கிறது என்று தெரிந்த பிறகும் மாதம் ஒருமுறை ஈசிஜி எடுக்க ஓடி வருவது அடுத்த தவறு. இங்கே கணக்கு நிமிடத்தில். இந்தப் பயத் தாக்கு பெரும்பாலும் 10 நிமிடத்துக்குள் உச்சிக்கு ஏறி, பிறகு தானாக இறங்கும். உச்சியில் இருக்கும்போது பஸ்ஸை விட்டு இறங்கி ஓடினால், “ஓடினதால் பிழைத்தேன்” என்று மூளை எழுதி வைத்துக்கொள்ளும்.

ஈப்போ பஸ்ஸில் ஏற மாட்டேன் என்ற ஒரு அக்காவை அவர் கணவர் ஐந்து வருடம் மோட்டாரிலேயே ஏற்றி இறக்கினார். அவ்வளவு நல்ல மனுஷன். அந்த நல்ல மனசுதான் அக்காவின் நோய்க்குச் சோறு போட்டது என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. டாக்டர்தான் சொன்னார். முதல் வாரம் ஒரு ஸ்டாப், கணவர் பின் சீட்டில். அப்புறம் இரண்டு ஸ்டாப், கணவர் இல்லாமல்.

மாத்திரை விஷயத்தில் சுருக்கமாகச் சொல்கிறேன். பதற்ற நோய்க்குத் தரும் செர்ட்ராலின், எஸ்சிடாலோபிராம் போன்ற மாத்திரைகள் இரண்டிலிருந்து ஆறு வாரத்தில்தான் வேலையைக் காட்டும். முதல் வாரம் வயிற்றைப் பிரட்டும், சிலருக்குப் பதற்றம் கொஞ்சம் கூடும். சரியாக அந்த வாரத்தில்தான் “ஒத்துக்கல” என்று குப்பையில் போடுகிறார்கள். இன்னொரு கூட்டம், நன்றாகிவிட்டது என்று மூன்றாம் மாதமே நிறுத்தும். பதற்ற நோய்களுக்கான 28 ஆய்வுகளைச் சேர்த்து 2017-இல் பார்த்தபோது, குணமானபின் மாத்திரையைத் தொடர்ந்தவர்களில் நூற்றுக்கு 16 பேருக்கு நோய் திரும்பியது. வெற்று மாத்திரைக்கு மாற்றப்பட்டவர்களில் 36 பேருக்கு. நிறுத்துவதென்றால் டாக்டர் சொல்லி, மெல்லக் குறைத்து நிறுத்துங்கள். மறுபக்கம், அல்பிரஸோலம் போன்ற தூக்க ரக மாத்திரை உடனே சுகம் தருவதால் எல்லோருக்கும் பிடித்துப்போகிறது. பக்கத்து வீட்டில் கடன் வாங்கி விழுங்குபவர்களும் உண்டு. அது சில வாரத்துக்கு மட்டுமானது. மாதக்கணக்கில் சாப்பிட்டபின் சட்டென்று நிறுத்தினால், குடியை நிறுத்தினால் வருவது போலவே வலிப்பு வரலாம்.

கடைசியாக, ஹெரோயின். பையன் மாட்டிக்கொண்டான், செரந்தி என்ற கட்டாயத் தடுப்பு மையத்தில் இரண்டு வருஷம் அடைத்தால் திருந்திவிடுவான் என்று பெற்றவர்களே பாலாய்க்கு, அதாவது போலீஸ் ஸ்டேஷனுக்கு, போய்ச் சொன்ன காலம் உண்டு. பாவம், அவர்களுக்கு வேறு வழி தெரியவில்லை. இந்த நம்பிக்கையைச் சோதிக்க நம் நாட்டிலேயே ஓர் ஆய்வு நடந்தது, 2017-இல் வெளியானது. கட்டாயத் தடுப்பு மையத்திலிருந்து வந்தவர்களில் பாதிப் பேர் 31 நாளுக்குள் மீண்டும் தொட்டுவிட்டார்கள். ஹெரோயின் ஏக்கத்தை அடக்கும் மெத்தடோன் மருந்து தரும் மையத்தில் தானாக முன்வந்து சிகிச்சை பெற்றவர்களில் பாதிப் பேர் மீண்டும் தொட 352 நாள் ஆனது. உள்ளே இருந்த காலத்தை நாம் சிகிச்சைக் காலமாக எண்ணினோம். வெளியே வந்த நாளிலிருந்துதான் எண்ணிக்கை தொடங்குகிறது.

வியட்நாம் போரில் ஹெரோயினுக்கு அடிமையான அமெரிக்கப் படைவீரர்களை லீ ராபின்ஸ் என்ற ஆய்வாளர் 1970-களில் தொடர்ந்து பார்த்தார். ஊர் திரும்பிய முதல் ஆண்டில் அவர்களில் நூற்றுக்கு ஐந்து பேர் அளவில்தான் மறுபடி அடிமையானார்கள். அவர்கள் விட்டுவந்தது போர்க்களத்தை. நம் பையன் திரும்பி வருவது அதே தாமான் குடியிருப்புக்கு, அதே சாப்பாட்டுக் கடை மேசைக்கு, அதே கூட்டாளிகளிடம்.

வெளியே வந்த முதல் இரண்டு வாரம் இன்னும் மோசம். உள்ளே இருந்தபோது உடம்பு பழைய அளவைத் தாங்கும் சக்தியை இழந்திருக்கும். பழைய நினைப்பில் பழைய அளவைப் போட்டால் மூச்சு நின்றுவிடும். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் சிறையிலிருந்து வந்தவர்களை ஆராய்ந்தபோது, முதல் இரண்டு வாரத்தில் போதை மிகுந்து இறக்கும் ஆபத்து பொதுமக்களைவிட 129 மடங்கு இருந்தது.

“மெத்தடோன் மட்டும் போதையில்லையா, திருடனைப் பிடிக்கத் திருடனா?” என்று கேட்பவர்களுக்கு மூவார் ஆய்வைச் சொல்வேன். ஜொகூர் மூவாரில் ஹெரோயினுக்கு அடிமையான 126 பேருக்கு, மெத்தடோன் ரக மருந்தான புப்ரெனார்ஃபின், போதையை ஏறவிடாமல் தடுக்கும் நால்ட்ரெக்ஸோன், வெற்று மருந்து என்று பிரித்துக் கொடுத்தார்கள். எல்லோருக்கும் கவுன்சலிங்கும் உண்டு. ஏக்கத்தை அடக்கும் புப்ரெனார்ஃபின்தான் முந்தியது, அதுவும் ஆய்வை முன்கூட்டியே நிறுத்தும் அளவுக்குத் தெளிவாக. 2008-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. மெத்தடோன் 2005-லிருந்து நம் நாட்டில் கொடுக்கப்படுகிறது. “எத்தனை நாள்ல நிறுத்தலாம்?” என்பதுதான் பெற்றோரின் முதல் கேள்வி. இனிப்பு நீர் மாத்திரைக்கு அந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை.

வாட்ஸ்அப்பில் வரும் “21 நாளில் குணம்” விளம்பரங்களைப் பற்றியும் கேட்கிறீர்கள். யாரும் நன்றாக இருக்கும் நாளில் மருந்து தேடுவதில்லை, மிக மோசமான நாளில்தான் தேடுகிறோம். அதற்குப் பிறகு எதைச் செய்தாலும், செய்யாவிட்டாலும், கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். அந்த மருந்து சாப்பிடாத கூட்டம் எப்படி இருந்தது, பாதியில் ஓடியவர்களைக் கணக்கில் சேர்த்தார்களா என்று திருப்பிக் கேளுங்கள்.

தஞ்சோங் ரம்புத்தானில் உள்ள உலு கிந்தா பஹாகியா மனநல மருத்துவமனை 1911-லிருந்து நம் பக்கத்திலேயே இருக்கிறது. “தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பிடுவாங்க” என்று பிள்ளைகளை மிரட்டியே வளர்த்துவிட்டோம். அந்தப் பெயருக்குப் பயந்து ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போட்டவர்கள்தான் கடைசியில் அங்கே போய்ச் சேர்கிறார்கள். முதலில் அங்கே போக வேண்டியதும் இல்லை. அரசாங்கக் கிளினிக்கில் ஒரு ரிங்கிட் கட்டி டாக்டரிடம் சொன்னால் போதும். சாக வேண்டும் போலிருக்கிறது என்றால் 15555 என்ற மனநல உதவி எண்ணுக்கு அழையுங்கள். தற்கொலைக்கு முயன்றவரைக் குற்றவாளியாக்கிய 309-ஆம் பிரிவு 2023-இல் நீக்கப்பட்டுவிட்டது, போலீஸ் கேஸ் ஆகும் என்று மறைக்கத் தேவையில்லை.

கிளினிக்குக்கு வரும்போது ஒரு துண்டுக் காகிதம் கொண்டு வாருங்கள். கடைசியாகக் குடித்தது எந்த நாள், எத்தனை மணி. ஒரு நாளைக்கு எவ்வளவு. எந்த மாத்திரை, எப்போது தொடங்கியது, எப்போது நிறுத்தியது. முன்பு வலிப்பு வந்ததா. ராத்திரி இரண்டு மணிக்கு, அழுதுகொண்டு வரும் மனைவியிடம் நாங்கள் கேட்கும் முதல் கேள்வி அந்த மணிக் கணக்குதான்.