பிரிட்டன் தொழில்முனைவோர் விசா: பிசினஸ் பிளான் எழுதுவது எப்படி?

காசிமேட்டுப் படகுகளில் ஐஸ் பெட்டிக்குள் சூடு ஏறினால் போனுக்குத் தகவல் அனுப்பும் ஒரு சின்னக் கருவியைத் தம்பி செய்திருக்கிறான். அதை வைத்து பிரிட்டனில் கம்பெனி தொடங்க, இன்னோவேட்டர் ஃபவுண்டர் விசாவுக்கு எண்டார்ஸ்மென்ட் (தொழில் யோசனை தேறும் என்ற ஒப்புதல்) வாங்கிவிட்டான். பிளானில் முக்கால்வாசி நான் எழுதியது. பாஸ்போர்ட், ஆங்கிலத் தேர்வு, காசநோய்ச் சான்றிதழ் எல்லாம் யூடியூபில் கொட்டிக் கிடக்கின்றன. இங்கே பிளான் மட்டும்தான்.

படி 1: யார் படிக்கப்போகிறார்கள்?

பிளானை முதலில் படிப்பது விசா அலுவலகம் இல்லை, பிரிட்டன் அரசு அங்கீகரித்த எண்டார்ஸிங் பாடி, அதாவது அந்த ஒப்புதலைத் தரும் நிறுவனம். அவர்கள் கட்டணம் 1,000 பவுண்டு, வாட் (விற்பனை மீதான வரி) தனி. ஏப்ரல் 2023-க்கு முன்பிருந்த பழைய விசாவில் 50,000 பவுண்டு முதலீடு காட்ட வேண்டும். இப்போது அந்த வரம்பு இல்லை. ஆனால் உங்கள் தொழிலுக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு கையில் இருக்கிறது என்று காட்டத்தான் வேண்டும்.

அவர்கள் பார்ப்பது மூன்று: புதுசா, ஓடுமா, வளருமா. விசா கிடைத்த பிறகும் குறைந்தது இரண்டு சந்திப்புகள் உண்டு, ஒவ்வொன்றுக்கும் 500 பவுண்டும் வாட்டும். நீங்கள் எழுதிய அதே பிளானை வைத்துக்கொண்டுதான் கேள்வி கேட்பார்கள். அதனால் கண்ணைப் பறிக்கும் எண் வேண்டாம், செய்து காட்டக்கூடிய எண் போதும்.

படி 2: புதுமை

"இந்த மாதிரி யாருமே செய்யவில்லை" என்ற வரி எடுபடாது. எஸ்பாஸ்நெட் என்ற இணையதளத்தில் காப்புரிமைகளை இலவசமாகத் தேடலாம். பிரிட்டனின் கம்பெனிப் பதிவகமான கம்பெனீஸ் ஹவுஸ் தளத்தில் போட்டிக் கம்பெனிகளின் கணக்குகளையும் இலவசமாகப் பார்க்கலாம். யார் என்ன விற்கிறார்கள், அதில் எது இல்லை, நம்மிடம் எது இருக்கிறது என்று ஒரு பக்க அட்டவணை போடுங்கள்.

படி 3: சந்தை

காசிமேட்டில் எத்தனை படகு என்பது அவர்களுக்குச் சந்தை இல்லை, சாட்சி. கருவியைப் பயன்படுத்திய படகு உரிமையாளர்களிடம் கடிதம் வாங்கி, 'வேலை செய்கிறது' என்பதற்கு ஆதாரமாக வையுங்கள். சந்தைப் பகுதியில் பிரிட்டனின் பீட்டர்ஹெட், பிரிக்ஸம் மீன்பிடித் துறைமுகங்களும் லண்டன் பில்லிங்ஸ்கேட் மீன் மார்க்கெட்டும் வர வேண்டும். அங்கே மீன் பிடிப்புப் புள்ளிவிவரத்தை அரசே ஆண்டுதோறும் வெளியிடுகிறது. வாங்க விருப்பம் தெரிவித்து அங்கிருந்து இரண்டு மின்னஞ்சல் வந்தாலே பத்து பக்க ஆய்வுக்குச் சமம்.

படி 4: பணக் கணக்கு

எங்களுக்கு அதிக நேரம் பிடித்தது இதுதான். "இன்னாக்கா, சம்பளத்துக்கு மேல சம்பளமா?" என்று தம்பி தலையில் கைவைத்துக்கொண்டான். ஒரு என்ஜினீயருக்கு ஆண்டுக்கு 36,000 பவுண்டு என்றால் செலவு 36,000-த்தோடு நிற்காது. 5,000 பவுண்டுக்கு மேற்பட்ட சம்பளத்துக்கு முதலாளி 15% நேஷனல் இன்சூரன்ஸ் (அரசுக்குப் போகும் சமூகப் பாதுகாப்புத் தொகை) கட்ட வேண்டும், அது 4,650. பென்ஷனுக்கு, முழுச் சம்பளத்துக்கு இல்லாமல் அதில் ஒரு பகுதிக்கு மட்டும், குறைந்தபட்சம் 3% விகிதத்தில் சுமார் 890. மொத்தம் 41,500-ஐத் தாண்டிவிடுகிறது. சிறு கம்பெனிகளுக்கு இந்த நேஷனல் இன்சூரன்ஸைக் குறைக்கும் எம்ப்ளாய்மென்ட் அலவன்ஸ் என்ற சலுகை உண்டு. ஆனாலும் அது இல்லாமல் ஒரு தடவை கணக்குப் போட்டுப் பாருங்கள்.

அடுத்தது வாட். 12 மாத விற்றுமுதல் 90,000 பவுண்டைத் தாண்டினால் பதிவு கட்டாயம். அதன் பிறகு வாடிக்கையாளரிடம் வசூலிக்கும் 20% உங்கள் வருமானம் கிடையாது.

மூன்றாவது, லாபக் கணக்கும் வங்கி இருப்பும் வேறு. ஜனவரியில் விற்ற கருவிக்குப் பணம் மார்ச்சில் வரலாம், சம்பளமோ ஜனவரியிலேயே போய்விடும். முதல் வருடத்துக்கு மாதாமாதம் பண வரவு-செலவு போடுங்கள், அடுத்த இரண்டு வருடத்துக்குக் காலாண்டு போதும். எந்த மாதத்தில் இருப்பு மைனஸில் போகிறதோ அந்தப் பள்ளத்தின் ஆழம்தான் உங்களுக்குத் தேவையான முதலீடு. அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் காட்டுங்கள்.

எக்செல் அல்லது கூகுள் ஷீட்ஸ் போதும். மாத சந்தா கட்டும் பிளான் மென்பொருள்கள் எனக்குப் பிடிக்காது. சூத்திரத்தை மறைத்துவிடும், நேர்காணலில் "இந்த எண் எப்படி வந்தது?" என்றால் முழிக்க வேண்டும். பாரிமுனைப் பக்கம் ஒரு ஏஜென்சி ரெடிமேட் பிளான் தருகிறேன் என்றது. மாதிரிக்குக் காட்டிய பிளானில் ஊர் பெயரை மாற்றினால் எந்தக் கடைக்கும் பொருந்தும்! வேண்டாம் என்று வந்துவிட்டோம்.

படி 5: பணம் எங்கிருந்து?

வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப அனுமதிக்கும் ரிசர்வ் வங்கியின் எல்.ஆர்.எஸ். திட்டத்தில் ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை அனுப்பலாம். தொழில் முதலீட்டுக்கு 10 லட்சம் ரூபாய்க்கு மேல் போகும் தொகைக்கு 20% டி.சி.எஸ். (முன்கூட்டியே வசூலிக்கும் வரி) பிடிப்பார்கள். வருமான வரிக் கணக்கில் அது திரும்பக் கிடைக்கும், ஆனால் அதுவரை முடங்கிக் கிடக்கும். பண வரவு-செலவில் இதையும் சேருங்கள். அனுப்புவதற்கு முன்பு ஆடிட்டரைப் பார்த்துவிடுங்கள்.

சீட்டு எடுத்த பணம், அம்மாவின் நகையை வைத்து வாங்கிய கடன் எல்லாவற்றுக்கும் தாள் வேண்டும். கைச்சீட்டுக்கு ரசீது இருக்காது என்பது நம் வீடுகளில் பெரிய தலைவலி. அந்தப் பணத்தை நம்பி பிளான் போடாமல் இருப்பதே நல்லது.

பின்சேர்க்கை: திருவொற்றியூர் வாசகர் ஒருவர், பிளானில் காட்டிய முதலீட்டையே, விசாவுக்குக் காட்ட வேண்டிய வாழ்க்கைச் செலவுப் பணமாகவும் காட்டலாமா என்று கேட்டிருந்தார். முடியாது. 1,270 பவுண்டு தனியாக, உங்கள் கணக்கில் தொடர்ந்து 28 நாள் இருக்க வேண்டும். நடுவில் ஒரு நாள்கூடக் குறையக் கூடாது. அந்த 28-வது நாள், விண்ணப்பிக்கும் தேதிக்கு முந்தைய 31 நாளுக்குள் வர வேண்டும். பவுண்டு விலை ஏறி இறங்குவதால் ரூபாயில் கொஞ்சம் தாராளமாகவே விட்டு வையுங்கள்.